இரைச்சலுக்கு அந்தப் பக்கம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். தனி ஆள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னதும் இல்லை. லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் நீளமாகக் கம்பி கட்டி, கேட்கவும் பேசவும் முடிகிற ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். கீழ்வீட்டார் ஒருமுறை அதைக் கொடிக்கம்பி என்று நினைத்துப் போர்வையைக் காயப் போட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் அதற்கப்புறம் யாரும் மாடிப் பக்கம் வருவதில்லை.

காலை ஏழு மணிக்கு ரேடியோவில் எங்கள் கூட்டம். முகம் பார்க்காத பத்துப் பன்னிரண்டு பேர். ஓசூர், காரைக்குடி, நாகர்கோவில் என்று எங்கெங்கோ இருந்தார்கள். ஒவ்வொருவராக, லைசென்ஸோடு கிடைத்த தங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி, ஊரில் மழையா வெயிலா, உடம்பு எப்படி என்று சொல்ல வேண்டும். முதலில் பேசுவது நான். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசுவதே அந்த நேரத்தில்தான்.

போன ஆடி மாதம் அதில் மண் விழுந்தது. செட்டைப் போட்டால் கரகரவென்று ஒரே இரைச்சல். யார் குரலும் கேட்கவில்லை. ஆனால் இந்த மாதிரி இரைச்சல் நம் காதைத்தான் அடைக்கும். நாம் பேசுவது மற்றவர்களுக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். அதனால் ஏழு அடித்ததும் என் குறியைச் சொல்லி, மழை, முட்டி வலி, தண்ணீர் லாரி வராதது எல்லாவற்றையும் பேசினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. காலமெல்லாம் லைனில் கோளாறு பார்த்தவள் தன் வீட்டு இரைச்சலைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் முழிக்கிறாள் என்று சிரிப்பார்களே! சீக்கிரம் சரிசெய்துவிட்டு எல்லோரோடும் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

சீக்கிரம் ஆகவில்லை. என் செட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன், பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றவைத்தேன். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஓட்டியபோதும் இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் வெளியே இருந்துதான் வருகிறது. பாக்கெட் ரேடியோவின் முள்ளை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். எதிர்வீட்டுச் சுவர் அருகே அது அலறியது.

"இன்னாக்கா, ரேடியோவ வெச்சிகினு செவுத்த மோந்து பாத்துகினு கீறீங்க?" என்றார் அந்த வீட்டுக்காரர்.

"உங்க வூட்ல புதுசா இன்னா மாட்டினீங்க?" என்றேன்.

வாசலில் கண்காணிப்புக் கேமரா மாட்டியிருந்தார். அதன் அடாப்டரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரைச்சல் கிளப்பாத பழைய, கனமான அடாப்டர் ஒன்று வாங்கி, மீட்டரில் வோல்ட்டேஜும் பிளஸ் மைனஸும் பார்த்து நானே மாட்டிக் கொடுத்தேன். அதற்குள் தை பிறந்துவிட்டது.

மறுநாள் காலை செட் அவ்வளவு அமைதியாக இருந்தது. எங்கோ இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொள்வது பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. ஏழு மணிக்கு என் குறியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் ஓசூர்க்காரருக்குப் போன் செய்தேன். ஒருமுறை மைக் வாங்கும் விஷயமாக நம்பர் கொடுத்திருந்தார்.

"நாம எல்லாரும் வாட்ஸப் குரூப்புக்கு மாறி ரொம்ப மாசம் ஆச்சேக்கா. ஆவணியிலயே. ரெண்டு வாரம் தினமும் ரேடியோல சொன்னோமே? நீங்களும் டெய்லி வந்து பேசிட்டுதானே இருந்தீங்க? கேட்டிருப்பீங்க, வாட்ஸப்னா உங்களுக்குப் பிடிக்காது, அதான் வரலன்னு நினைச்சோம்."

"அதுக்கப்புறமும் நான் தினமும் பேசினேன் சார். யாராவது ஒருத்தராவது கேட்டீங்களா?"



"என் செட்டக் கழட்டிப் பரண்மேல வெச்சுட்டேன்க்கா. மத்தவங்க யாரும் உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

குரூப்பில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு, ரேடியோவை அணைக்கக்கூடத் தோன்றாமல் அழுதேன்.