கஷாயத்தில் கிடந்த மாத்திரை

ஒரு மாத்திரைகூட விழுங்காமல் சர்க்கரையை இறக்கியவன் நான். அது பொய், எனக்கே தெரியாத பொய். ஆறாத புண்ணால் கால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியும், கஷாயம்தான் குடித்தேன்.

கஷாயம் குடிப்பவர்களின் ரத்தத்தை ஆராய்ச்சி செய்யும் லேப் அம்மா ஒருவர் எங்கள் ஊர் கோம்பைக்கு வந்தார். பெருமையாகக் கையை நீட்டினேன். அடுத்த வாரம் கூப்பிட்டார்.

“அண்ணே, உங்க ரத்தத்துல சர்க்கரை மாத்திரை இருக்கே?”

முதலில் லேப் மேல் சந்தேகம். பிறகு கஷாயப் பொடி தந்த நாட்டு வைத்தியர் மேல்.

“வைத்தியரே, பொடியில என்னத்தைக் கலந்தீக?”

“ஏலே, நான் குடுக்கிறது பொடி. காய்ச்சுறது யாரு?”

காய்ச்சுவது என் மனைவி. வீட்டுக்குப் போய் முறைத்தேன். அவள் அசரவில்லை.

“நாந்தேன் டாக்டரு குடுத்த மாத்திரையை நுணுக்கிப் போட்டேன். மாத்திரைன்னா ஓடுற ஆளுக்கு வேற எப்படிக் குடுக்க?”

குனிந்து காலைப் பார்த்தேன். புண் காய்ந்திருந்தது. விரல் அங்கேயே இருந்தது.

அன்றிலிருந்து அவள் தரும் தண்ணீரைக்கூட மோந்து பார்க்கிறேன். ஆனால் குடித்துவிடுகிறேன். அன்றைக்கே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என்னவென்றால்…

“ஏங்க, டாக்டரு கூப்புடுறாக! பக்கத்துல உக்காந்தவுககிட்ட என்ன கதை? எந்திரிங்க!”