அறுபத்து மூன்று சென்டிமீட்டர்

டொரத்தி பெட்டியை மூன்றாவது முறையாக அளக்கிறார். அகலம் எழுபது, ஆழம் அறுபது, உயரம் நூற்று இருபத்தைந்து. மூன்றையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுக்கிறார். கால்குலேட்டர் முன்பு இரண்டு முறை சொன்னதையே மறுபடியும் சொல்கிறது: நூற்றைந்து கிலோ. உள்ளே இருக்கும் மரச் சாமி மேடையின் எடை முப்பத்தொரு கிலோதான். ஆனால் அனுப்பும் கம்பெனி எடைக்குக் காசு வாங்குவதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கு வாங்குகிறது.

"மிச்சம் எழுபத்து நாலு கிலோ என்னன்னு கேளுங்க. காத்து! காத்துக்குக் கூலி குடுக்கறேன்லா நான்."

கோத்தா திங்கியில் ஓர் இரும்புக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது அவருடைய கடை. வாசலில் பலகை கிடையாது. வாங்குகிறவர்கள் எல்லாரும் கைப்பேசி வழியாக வருகிறார்கள். ஐம்பத்து நான்கு வயது. எல்லை தாண்டிப் போய் சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடம் பெட்டி கட்டியவர், தொற்றுநோயால் எல்லை மூடிய வருடத்தில் வேலை போய் வீட்டுக்கு வந்தார். இரண்டு தச்சர்கள் செய்து தருவதை இணையத்தில் விற்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் இந்துச் சாமி மேடை விற்பதைப் பற்றி யாராவது கேட்டால், "சாமி யாருதா இருந்தா என்ன, பூச்சி அரிக்காத மரமா இருக்கணும்" என்பார்.

இடுப்பில் எப்போதும் ஓர் அளவு நாடா. அட்டைப்பெட்டி விளிம்பு விரலை அறுப்பதால் இரண்டு கையிலும் வெள்ளைப் பிளாஸ்திரி. அதன் சுருள் சட்டைப்பையிலேயே கிடக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரை உயரத்தைப் பார்க்கிறார். பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தை.

அவரைக் கொதிக்க வைப்பது திரும்பி வரும் பொருள்கள். பொருளைத் திருப்புகிறவர் கைப்பேசியில் ஒரு காரணத்தைத் தொட வேண்டும். மனம் மாறிவிட்டது என்று தொட்டால் திருப்பி அனுப்பும் கூலி அவருடையது. விளக்கத்தில் சொன்னபடி இல்லை என்று தொட்டால் டொரத்தியுடையது.

"நாலு வருசமா விக்கறேன். இந்த நாட்டுல ஒருத்தருக்குக்கூட மனசு மாறினதே இல்ல, தெரியுமா? அம்புட்டு உறுதியான ஜனங்க!"

புதுமனை புகுவிழா முடிந்த மறுநாளே மேடையைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஒன்று நெற்றியில் குங்குமத்தோடு வந்து சேர்ந்தது. "பொட்டு வெச்சு அனுப்பியிருக்காங்க, என்னமோ நான் பொண்ணு கேட்டுப் போன மாதிரி!" விளக்கேற்றிய மேடையைப் புதியது என்று இன்னொரு வீட்டுக்கு விற்க அவருக்கு மனம் வருவதில்லை. அப்படி நின்றுபோன மூன்று அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. ஒன்றில் கோபுரத்துக்கு அடியில் மாதா சிலை. மற்ற இரண்டில் துவைத்து மடித்த துணி.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது சிகாமட்டிலிருந்து ரூபேந்திரன் என்பவர் மேடையைத் திருப்பி அனுப்பக் கேட்டார். வாங்கி எட்டு நாள். தொட்ட காரணம், சொன்ன அளவு இல்லை. அந்த மாதத்தில் அது மூன்றாவது. ஒரே மாதத்தில் இப்படி மூன்று பதிவானால் விற்பனைத் தளம் கடையைப் பட்டியலில் யார் கண்ணுக்கும் படாத இடத்துக்குத் தள்ளிவிடும். வருட விற்பனையில் பாதி நடப்பது அந்த மூன்று வாரத்தில்தான்.

டொரத்தி போன் போட்டார். "அளவு சரி வராது ஆன்ட்டி" என்பதையே அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நானே வந்து எடுத்துக்கறேன் தம்பி. ஆனா அளந்துட்டுத்தான் எடுப்பேன்."

சனிக்கிழமை காலை வேனில் கிளம்பினார். அவரைப் பற்றி எழுத வந்திருந்த நானும் ஏறிக்கொண்டேன். குளுவாங் தாண்டும்வரை திட்டு. லாபிஸில் தேத்தண்ணீர் குடிக்க இறங்கி, மறுபடியும் திட்டு. "ஒரு சென்டி கொறஞ்சிருந்தாலும் நான் கடைய மூடிடறேன். கொறையலன்னா அவரு வாயால சொல்லணும், டொரத்தி அளவு சரின்னு."

ரூபேந்திரன் பாமாயில் ஆலை ஒன்றில் சூப்பர்வைசர். மேடை கூடத்தில் நின்றது, முகம் சுவரைப் பார்த்தபடி. தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி அது நின்ற விதம் டொரத்தியின் கோபத்தை இன்னும் ஏற்றியது. நாடாவை இழுத்து அகலத்தில் வைத்தார்.

"அறுபத்து மூணு. நான் போட்டது எவ்வளவு?"

"அறுபத்து மூணுதான் ஆன்ட்டி."

"அப்ப என்னா சரியில்ல?"

ரூபேந்திரன் மனைவியைப் பார்த்தார். ஷர்மினி உள்ளே போய் அவர்கள் வீட்டு அளவு நாடாவைக் கொண்டுவந்தார். இங்கே இரும்புக்கடைகளில் கிடைக்கும் வகை: எண்களோடு மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை சீன எழுத்து. சீன வாஸ்துப்படி நல்ல அளவு சிவப்பு, ஆகாதது கறுப்பு. அறுபத்து மூன்றில், கீழ்வரிசையில் அவர் விரல் வைத்த இடம் கறுப்பு.

"நான் சீனப்பள்ளியில படிச்சவ ஆன்ட்டி. இங்க சாவுன்னு போட்டிருக்கு."

டொரத்தி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தன் நாடாவையும் நீட்டி அதன் பக்கத்தில் வைத்தார். அதே வகை நாடா.

"அலமாக்! இதுக்கா என்னை நூத்தி எழுபது கிலோமீட்டர் ஓட விட்டீங்க? மேல இருக்கறது மனுசன் குடியிருக்கற வீட்டுக்கு. கீழ இருக்கறது கல்லறைக்கு! பக்கத்து இரும்புக்கடை தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, எனக்கு முதல் நாளே சொன்னாரு. மேல என்னா கலரு? சொல்லுங்க தம்பி, வாய் விட்டுச் சொல்லுங்க."

"செகப்பு."

"நீங்க சாமி வெக்கப் போறீங்களா, ஆளப் பொதைக்கப் போறீங்களா? தமிழன் வீட்டு மேடை, சீனன் டேப்பு, அதுலயும் குழி தோண்டற வரிசை! பழி மட்டும் என் மேல. சொன்னபடி இல்லையாம்!"

ரூபேந்திரன் கழுத்தைத் தடவினார். "சாரி ஆன்ட்டி. ரிட்டர்ன கேன்சல் பண்ணிடறேன்." கைப்பேசியை எடுத்தவரின் முழங்கையை ஷர்மினி பிடித்தார்.

"கல்லறையோ வீடோ, நான் படிச்சிட்டேனே ஆன்ட்டி. தெனமும் வெளக்கேத்தறப்ப அந்த எழுத்துதான் கண்ணுக்குள்ள வந்து நிக்கும்."

டொரத்தி நாடாவை அவர் பக்கம் நகர்த்தினார். "எது, காட்டு" என்றார். ஷர்மினி மறுபடியும் விரல் வைத்தார். டொரத்திக்குச் சீன எழுத்து தெரியாது. சிவப்பு, கறுப்பு மட்டும்தான் தெரியும். அந்த ஒற்றை எழுத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதே அகலத்தில் இதுவரை நாற்பத்தொரு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

பிறகு தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்த பிளாஸ்திரிச் சுருளைப் பிரித்து, ஷர்மினியின் நாடாவில் கீழ்வரிசையை மறைத்து ஒட்டிக்கொண்டே போனார். ஒரு மீட்டர் வரை ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தார்.

"இப்ப அள."

ஷர்மினி அளந்தார். அறுபத்து மூன்றில் சிவப்பு மட்டும் இருந்தது. நாடாவைச் சுருட்டினார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரிடம், "கேன்சல் பண்ணுங்க" என்றார்.

அவர் தொட்டு முடித்த திரையைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் டொரத்தி எழுந்தார். யாரையும் கிட்டே விடாமல், முப்பத்தொரு கிலோவையும் தானே நகர்த்தி மேடையின் முகத்தைக் கூடத்துக்குத் திருப்பினார்.

வேனில் ஏறியதும் கேட்டேன், இந்தச் சிவப்பு கறுப்பில் அவருக்கு நம்பிக்கை உண்டா என்று.

"எனக்கா? நான் சர்ச்சுக்குப் போறவ."

சாவியைப் போட்டார். திருகவில்லை. இடுப்பிலிருந்து தன் நாடாவை உருவி மடியில் நீட்டி, சுருளில் மிச்சமிருந்த பிளாஸ்திரியை அதன் கீழ்வரிசையில், அறுபத்து மூன்றிலிருந்து ஒட்ட ஆரம்பித்தார்.