கடன் வாங்கியதைச் சொல்லாத கட்டளை

எட்டு பிட் சிப்புக்கு அசெம்பிளியில், அதாவது சிப்பின் சொந்தக் கட்டளைகளிலேயே, நிரல் எழுதிப் பிழைப்பவர்களுக்கு 255 வரைதான் உலகம். அதைத் தாண்டிய எந்த எண்ணையும் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டுக்குப் பைட் எனும் ஒரு சின்ன அறை என்று வைக்கவேண்டும். கூட்டும்போது மிஞ்சுவதையும் கழிக்கும்போது கடன் வாங்குவதையும் பக்கத்துப் பைட்டுக்கு நாமே சொல்லியாகவேண்டும். சின்ன வகுப்பில் படித்த அதே கணக்குதான். திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் தண்ணீர் மீட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. இதே வேலையில் தலைமுடியைப் பறிகொடுத்த சக பாவிகளுக்காக என் சொந்தக் கதைகள் சிலவற்றை எழுதிவைக்கிறேன்.

தண்ணீர் திரும்பிப் போனது

எங்கள் முதல் மீட்டரில் லிட்டர் கணக்குக்கு இரண்டு பைட் போதும் என்று முடிவு செய்த மேதை நான்தான். இரண்டு பைட்டில் 65535 வரை கொள்ளும். அதற்கு மேல் ஒரு லிட்டர் ஓடினால் மறுபடி பூஜ்ஜியம். தம்பானூரில் லாட்ஜ் வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், மீட்டர் மாட்டிய பத்தாம் நாளே கூப்பிட்டுவிட்டார். நான் போனபோது இடுப்பில் கைவைத்து மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலக் கேட்டார்: "ஓடுன தண்ணி பூராவும் திரும்ப டேங்குக்கே போயிட்டா தம்பி?"

மூன்றில் அடங்காத பிரிவு

என் மனைவி ஜெஸி மார்த்தாண்டத்துக்காரி, நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் இரண்டு வருட ஒப்பந்தம் கிடைத்தது. அவள் பெட்டி அடுக்கிய வாரம் நான் பழைய மீட்டர் பலகை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் திரும்பும் நாள்வரை விநாடிகளைக் குறைத்துக் காட்டும் கருவி ஒன்று செய்ய உட்கார்ந்தேன்.

மூன்று பைட்டில் முடிந்துவிடாதா என்று ஆசை. மூன்று பைட் நூற்றுத் தொண்ணூற்று நான்கு நாளைத்தான் தாங்கும். இரண்டு வருடம் என்றால் ஆறு கோடியே முப்பது லட்சத்துச் சொச்சம் விநாடி. நாலு பைட் வேண்டும். அந்த எண்ணைத் தாளில் முழுசாக எழுதிப் பார்த்து, நாலு பைட்டா என்று புலம்பினேன். ஜெஸி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, என்னைத் தேற்றுகிறாளாம்: "நாலு தானே, ஒரு கை வெரல விடக் கொறவாக்கும்."

மிண்டாத கடன்

அவள் போன பிறகு அலுவலக மேசையில் கருவி அருமையாக ஓடியது. கடைசி இலக்கங்கள் விறுவிறுவென்று குறைவதைப் பார்ப்பதே ஓர் ஆறுதல். எட்டாம் நாள்தான் கவனித்தேன், முன்னால் இருந்த இலக்கங்கள் அசையவே இல்லை. நான்கு நிமிடச் சொச்சத்தையே அது சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறது. ஒரு வாரம் காத்திருந்தும் ஒரு நாள்கூடக் கழியவில்லை. அன்று மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே நிரலைத் திறந்தேன்.

பக்கத்து நாற்காலி பிஜு கொல்லத்துக்காரன், என்னோடு பேசிப்பேசியே தமிழ் படித்தவன். நிரலைப் பார்த்ததும் சிரித்தான். ஒன்றைக் குறைக்க நான் 'டெக்' என்ற கட்டளையைப் போட்டிருந்தேன். பூஜ்ஜியத்திலிருந்தும் அது ஒன்றைக் குறைத்து 255 ஆக்கிவிடும். ஆனால் கடன் வாங்கியதற்கு எங்கும் அடையாளம் வைக்காது, பக்கத்துப் பைட் குறையாமல் அப்படியே நிற்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் செய்யும் தப்பு. வாய் திறக்காமல் இருப்பதை இங்கே மிண்டாமல் இருப்பது என்பார்கள். பிஜு சொன்னான்: "கடம் வாங்கிட்டு மிண்டாம இருந்தா அடுத்த வீட்டுக்காரன் எங்ஙனெ அறியும் சேட்டா?"

பூஜ்ஜியத்துக்கு அப்புறம்

டெக்கைத் தூக்கிவிட்டு முறையான கழித்தலைப் போட்டேன். வீணாய்ப் போன எட்டு நாளையும் கழித்தேன். எண் ஒழுங்காக இறங்கியது. பூஜ்ஜியம் வந்தால் நிற்கச் சொல்லி மட்டும் எழுதவில்லை. அந்த நேரம் நான் விமான நிலையத்தில் அல்லவா நிற்பேன், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இருபது நாள் இருக்கும்போது ஜெஸி போனில் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று. எனக்கு அவள் வேண்டும். காலையில் முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே அவள் என்னைத் திட்டும் சத்தம் வேண்டும். வந்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். "உனக்குச் சரின்னு பட்டதைச் செய்" என்றேன். பெருந்தன்மையாம்.

அவள் கையெழுத்துப் போட்டாள். குறித்த நாளில் நான் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்ஜியம். அடுத்த விநாடி நாலு பைட்டும் 255 ஆகி, 4294967295. அதாவது நூற்று முப்பத்தாறு வருடம். பிஜு எட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சாயா வாங்கப் போனான். சாயங்காலம் இதை ஒரு வேடிக்கைபோல ஜெஸியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்கு இதைத்தான் சொன்னாள்: "வான்னு ஒரு வார்த்த சொல்லுவியன்னு ஒரு வாரமாட்டு கையெழுத்துப் போடாம இருந்தேன், நீங்க மிண்டல்ல."

பன்னிரண்டு வருடமாக ஒரு பைட்டின் கடனை அடுத்த பைட்டுக்குச் சொல்லவைத்துச் சம்பளம் வாங்கும் நான், வீட்டில் மட்டும் டெக்காகவே ஓடிக்கொண்டிருக்கிறேன்.