மலைப்பாதை ரயிலுக்கு ஒரு லேப்டாப்

"இந்தப் பொண்ணு நம்ம தலையில எதையாவது கட்டத்தான் பாக்கும். நீ வாயைத் திறக்காத, நான் பேசிக்கிறேன்."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே அந்தப் பெரியவர் தன் மனைவியிடம் இதைச் சொன்னார். வங்காளிகள் நிறைந்த கரியாஹாட் கடைத்தெருவில் தமிழில் எதைச் சொன்னாலும் யாருக்கும் புரியாது என்ற தைரியம்.

"கட்ட மாட்டேன் சார். என்ன வேலைக்கு வேணும்னு சொல்லுங்க, பொருத்தமா காட்டுறேன்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லா வேணும் உங்களுக்கு!"

லேப்டாப் விற்பனைக்கு நான் வந்து பல வருடங்கள் ஆகின்றன. இப்போது கடைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. கிராஃபிக்ஸ் கார்டு பற்றிய பாடத்தை இந்தத் தம்பதியிடமிருந்துதான் தொடங்குவேன்.

அவர் பெயர் சண்முகம். ரயில் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பார்வதி. மகன் வாங்கிப் போட்ட நியூ டவுன் ஃப்ளாட்டில் இருவரும் குடியிருந்தார்கள்.

"மெயில் பாக்க, பாட்டுக் கேக்க. சாதாரணமா ஒண்ணு போதும்" என்றார் சண்முகம் சார்.

"அதெல்லாம் இல்லம்மா. எனக்கு ரயில் ஓட்டணும்" என்றார் பார்வதி அம்மா.

அவர் சொன்னது ஒரு ஆன்லைன் மெய்நிகர் உலகம். உலகின் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து அதற்குள் ஊர்களும் கடைகளும் கட்டியிருக்கிறார்கள். ஒரு கூட்டம் அங்கே ரயில் பாதையே போட்டு, சிக்னல் வைத்து, நேர அட்டவணைப்படி வண்டிகள் ஓட்டுகிறது. அந்தக் கூட்டத்தில் பார்வதி அம்மாவும் ஒரு டிரைவர். புதிதாகக் கட்டிய மலைப்பாதையில் வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி விடுகிறார்கள். ஓட்ட வேண்டியவர் இவர்.

"போன வாரம் ஒத்திகையில என் பழைய லேப்டாப் உறைஞ்சு போச்சு. வண்டி ஜங்ஷன் நடுவுல நிக்குது. பின்னாடி எல்லா வண்டியும் நிக்குது. யாரும் திட்டல. 'பரவாயில்ல பார்வதி, முதல் வண்டியை வேற யாராவது ஓட்டட்டுமா'ன்னு மரியாதையாத்தான் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

"பொம்மை ரயிலு. இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார் சண்முகம் சார்.

"உங்க சர்வீஸ் முழுக்க நான் குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னு கை காட்டுனேன். என்னைக்காவது 'பொம்மை ரயிலு'ன்னு சொல்லியிருக்கேனா?"



மெல்லிசும் தடிமனும்

கடை முதலாளி தேபு-தா வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் வங்க மொழியில், "இந்த வயசான மாஷீமாவுக்கு கேமிங் மெஷினா? தூக்கவே முடியாது. அந்த மெல்லிசான வெள்ளி நிற லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பு" என்றார். அது பார்க்க அழகாக இருக்கும், விலையும் அதிகம். ப்ராசஸர் நல்லதுதான். ஆனால் படங்களை வரைவதற்கென்றே இருக்கும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

ஒன்றை இங்கே விளக்கிவிடுகிறேன். சாதாரண கேம் என்றால் ஒரு கம்பெனி செய்தது. எந்த இடத்தில் எவ்வளவு சுமை என்று அளந்து இழைத்துக் கொடுத்திருப்பார்கள். மெய்நிகர் உலகம் அப்படியில்லை. ஒவ்வொரு மரமும், ஒவ்வொருவர் போட்டிருக்கும் சட்டையும் யாரோ ஒருவர் தன் இஷ்டத்துக்குச் செய்தது. நீங்கள் பக்கத்தில் போகப் போகத்தான் அதெல்லாம் நெட்டிலிருந்து இறங்கும். ஆளில்லாத தெருவில் எந்த லேப்டாப்பும் நன்றாகவே ஓடும். கூட்டத்துக்குள் போனால்தான் சாயம் வெளுக்கும்.

அதனால் தேபு-தாவிடம், "டெமோ மெஷின்ல அந்த சாஃப்ட்வேரை இறக்கி, அவங்களையே ஓட்டச் சொல்லிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். டெமோ மெஷினில் வாடிக்கையாளர் லாகின் செய்வதை அவர் அனுமதிப்பதில்லை. நல்லவேளையாக அது கூட்டமில்லாத மத்தியான நேரம். "ஒரே ஒரு தடவை" என்றார்.

முதலில் வெள்ளி நிறம். பார்வதி அம்மா உள்ளே போய்ப் பெரிய ஸ்டேஷனில் இறங்கினார். நடைமேடை முழுக்க ஆட்கள். எல்லோரும் சாம்பல் நிற உருண்டைகளாகத் தெரிந்தார்கள். ரயில் பெட்டிகளுக்கு நிறமே வரவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் படம் விக்கி விக்கி நகர்ந்தது.

அடுத்து, தனி கிராஃபிக்ஸ் கார்டும் பதினாறு ஜிபி ராமும் உள்ள தடிமனான கறுப்பு லேப்டாப்.

"என்னம்மா இது, அம்மிக்கல்லு மாதிரி இருக்கு?" என்றார் சண்முகம் சார்.

"உள்ளே ஃபேனும் காத்துப் போக வழியும் பெருசா இருக்கு சார். சூடு வெளியே போனாத்தான் மெஷின் வேகம் குறையாது."

அதே ஸ்டேஷன். கொஞ்ச நேரத்தில் உருண்டைகள் ஆட்களாயின. தொப்பி, குடை, ஒருவர் கையில் பூனை. பார்வதி அம்மா வண்டியை மெதுவாகக் கிளப்பினார். பாலத்தின் மேல் போகும்போது கீழே தண்ணீரில் பெட்டிகளின் நிழல் ஓடியது. பின்னால் நின்ற தேபு-தா, "பாஹ்! பிரமாதம்!" என்றார். வெள்ளியைக் கொடுக்கச் சொன்னவரே கறுப்பைப் பேக் செய்யச் சொன்னார்.

நியூ டவுன்

சனிக்கிழமை சாயங்காலம் பார்வதி அம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஹேமா, இதுவும் நின்னு நின்னுதான் போகுதும்மா. நான் வேற யாரையாவது ஓட்டச் சொல்லிடட்டுமா?"

தேபு-தாவிடம் சொன்னேன். "பெட்டியைப் பிரிச்ச சரக்கைத் திருப்பி எடுக்க முடியாது. கம்பெனி சர்வீஸுக்கு எழுதிப் போடு" என்றார். வியாபார விதி அதுதான். ஆனால் கடையில் ஓடிய மெஷின் வீட்டில் ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மறுநாள் எனக்கு லீவு. காலையில் கேப் பிடித்து நியூ டவுன் போனேன்.

ஹாலில் சோபா. சோபாவின் மேல் மெத்தென்ற தலையணை. தலையணையின் மேல் லேப்டாப். காற்று போக வேண்டிய துளைகள் எல்லாம் பஞ்சில் புதைந்திருந்தன. சார்ஜர் வயர் சுற்றியபடி அலமாரியில் இருந்தது.

"சார்ஜர் போடலையா அம்மா?"

"எப்பவும் சொருகியே வச்சா பேட்டரி கெட்டுடும்னு இவர்தான் கழட்டிட்டாரு."

"சார், இந்த மாதிரி மெஷின் பேட்டரியில ஓடுறப்ப தன் பலத்தைத் தானே குறைச்சுக்கும். கனமான வேலைக்கு கரண்ட்ல இருந்தே ஆகணும்."

சண்முகம் சார் எழுந்து போய் சாப்பாட்டு மேஜையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்து ப்ளக் பாயிண்ட் அருகே போட்டார்.

இன்னொரு கோளாறும் இருந்தது. இந்த லேப்டாப்புகளில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சின்னது ஒன்று, தனிக் கார்டு ஒன்று. கடையில் டெமோ மெஷினை நாங்கள் முன்கூட்டியே தனிக் கார்டுக்கு மாற்றி வைத்திருப்போம். புது மெஷின், சின்னதையே பயன்படுத்திக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் அதை மாற்றினேன். வைஃபையை விட்டுவிட்டு ரௌட்டரிலிருந்து நேராக கேபிள் கொடுத்தேன்.

"சாப்பிட்டுட்டுப் போ. வண்டி மத்தியானம்தான்" என்றார் பார்வதி அம்மா. அவர் மட்டும் சாப்பிடவில்லை.

வண்டி கிளம்பியது. மலை அடிவாரத்தில் கூட்டம் கொடி ஆட்டியது. படம் ஒரு இடத்திலும் விக்கவில்லை. முதல் சுரங்கத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மஞ்சள்."

சண்முகம் சார்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சொன்னது அவருக்கே தெரியுமோ என்னவோ.

பார்வதி அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "மஞ்சள்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்தார். என்ஜினில் ஒருவர் சிக்னலின் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல, உடன் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது முறையாம். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் மலை உச்சி வரை இருவரும் மாறி மாறி சிக்னல் சொல்லிக்கொண்டு போனார்கள். உச்சியில் வண்டி நின்றபோது பல மொழிகளில் வாழ்த்துகள் திரையில் ஏறின. பார்வதி அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லிஃப்ட் வரை என்னோடு வந்த சண்முகம் சார், கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார். "அந்த உலகத்துக்குள்ள அசிஸ்டண்ட் டிரைவரா சேரணும்னா என்ன செய்யணும்?"

"உங்க பேர்ல ஒரு அக்கவுண்ட் தொடங்கணும் சார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போகணும்னா இன்னொரு லேப்டாப்பும் வேணும்."

"அவகிட்ட சொல்லிடாத. நானே சொல்றேன்" என்றார்.

புதிதாக வேலைக்கு வருபவர்களே, ப்ராசஸர், ராம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யுங்கள், தேவைதான். ஆனால் அதற்கு முன்னால், வந்தவர் அந்த லேப்டாப்பில் எங்கே போகப் போகிறார், வீட்டில் அதை எங்கே வைக்கப் போகிறார் என்று கேளுங்கள். அவர் போகும் ஊர் திரைக்குள்தான் இருக்கிறது என்றாலும், அங்கே அவருக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள்.