செக்ரட்டரி கேட்ட கிரில்

ராஜகீழ்ப்பாக்கம் மெக்கானிக் அண்ணா காலையில வந்து பார்த்துட்டு சொல்லிட்டார்: "அடியெல்லாம் துரு சார். பார்ட் பார்ட்டா பிரிச்சு வித்துடுங்க."

அப்பாவோட அம்பாசடர். மனசைத் தேத்திக்கிட்டு சரின்னுட்டேன்.

சாயங்காலம் எங்க அபார்ட்மென்ட் செக்ரட்டரி வந்தார். போன ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் சந்தனம் வச்சுட்டு, "இது குப்பை"ன்னு இதை மட்டும் தாண்டிப் போன அதே மனுஷன்.

"பையன் கல்யாணத்துக்குப் பழைய அம்பாசடர் ஒண்ணு ரெடி பண்றேன் சார். உங்க வண்டியோட முன்பக்க கிரில் கிடைக்குமா?"

"குப்பையில போய் எதுக்கு சார் கை வைக்கறீங்க?"ன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு.

உடனே மெக்கானிக்குக்கு ஃபோன். "அண்ணா, ஒரு ஸ்க்ரூ கூட கழட்டாதீங்க. முழுசா ரெடி பண்றோம்."

வண்டி நிக்கறது செக்ரட்டரி பெட்ரூம் ஜன்னலுக்கு நேர் கீழ. அதனால முதல் வேலை ஹார்ன்தான்.

நல்லா அலறுற ஹார்ன் எங்க கிடைக்கும், சொல்லுங்க மக்களே.