ஐந்து மணி வெடி

மேலூருக்குக் குடிவந்த மூன்றாவது வருடம் எங்கள் நாய்க்கு வெடிச் சத்தம் ஆகாமல் போய்விட்டது. என் கணவர் பக்கத்துக் கல்குவாரியில் சூப்பர்வைசர். மாலை ஐந்து மணிக்கு அங்கே வெடி வைப்பார்கள்; எங்கள் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அதுவரை அதற்குக் காதைக்கூட அசைக்காத நாய், திடீரென்று நாலரைக்கே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்க ஆரம்பித்தது.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். நன்றாகப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, "வெடி போடுறப்ப நீங்க என்ன செய்வீங்க டீச்சர்?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சமைத்துக்கொண்டிருப்பேன் என்றேன். நாயைக் காட்ட வந்தால் என்னை விசாரிக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் அக்காவுக்கு உடம்பு முடியாமல் சோழவந்தான் போய் நான்கு நாள் தங்கினேன். கல்லூரியில் படிக்கும் மகள்தான் நாயைப் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் நாள் போனில் சொன்னாள்: "வெடிக்கு முழிச்சுக்கூடப் பாக்கலம்மா. வாசல்ல கால நீட்டித் தூங்குது."

போனை வைத்தபோது மணி ஐந்தே கால். சோழவந்தானில் வெடியே கிடையாது. ஆனாலும் ஐந்து அடித்ததிலிருந்து என் கை போனைவிட்டு விலகவில்லை, உள்ளங்கை வேர்த்திருந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்பு குவாரியில் கணவர் பக்கத்தில் நின்றவருக்குக் கல் தெறித்து ஒரு கண் போனது. மருத்துவரிடம் சமைப்பேன் என்றேனே தவிர, அன்றிலிருந்து நாலரைக்கே அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்பேன். கணவரிடமும் மகளிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலில் சில நாள் நாய் என் காலடியிலேயே நின்று என்னைப் பார்த்தது; பிறகுதான் கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பித்தது.

ஊர் திரும்பியதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம்புட்டு நாளா இப்படி இருக்க?"

"அந்த அண்ணனுக்குக் கண்ணு போனதுலருந்து."

வேலையை விடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, மகளின் படிப்பு இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. வெடி முடிந்ததும் தினமும் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவும் செய்கிறார். "முடிஞ்சிருச்சு" என்று ஒரே வார்த்தை. ஒன்றிரண்டு மாதத்தில் நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

சில நாள் குவாரியில் சிக்னல் கிடைப்பதில்லை. போன வாரம் அவர் கூப்பிட இருபது நிமிடம் தாமதமானது. நான் தரையில் உட்கார்ந்து, மூச்சை நிதானமாக விட்டபடி நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அது வாசலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தது. பிறகு மெதுவாக நடுங்கத் தொடங்கியது.