வாய்க்காலில் எழுதிய பரீட்சை

திருச்சி வண்டியிலிருந்து தாம்பரத்தில் இறங்கி, கடற்கரை மின்சார ரயிலுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் மடியில் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு சிவப்பு மையில் திருத்துகிறார். தாளெல்லாம் காய்ந்த சேறு. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கிறேன்.

"நைஜீரியா சார். போன மாசம்தான் இரும்புலியூருக்குத் திரும்பி வந்தேன்."

அங்கே தனிநாடு கேட்பவர்களுக்கும் அரசாங்கப் பட்டாளத்துக்கும் நடக்கும் சண்டையைப் பேப்பரில் படித்திருக்கிறேன். இவர் அதற்கு நடுவில் கணக்குப் பரீட்சை நடத்தியிருக்கிறார்.

"ஆத்துப் பக்கம் கவர்மென்ட் ஆளுங்க சுடறாங்க. ஸ்கூல் பின்னால இருந்து தனிநாட்டு ஆளுங்க சுடறாங்க. பசங்களை இழுத்துக்கிட்டுப் போய் வாய்க்கால்ல படுத்துட்டேன். தலைக்கு மேல குண்டு போவுது. இவனுங்க என்னடான்னா, பேப்பரும் பேனாவுமா பக்கத்துல பக்கத்துல படுத்துக்கிட்டு, விடை என்னன்னு ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கறானுங்க."

"நீங்க தடுக்கலையா?"

"பார்த்து எழுதாதீங்கடான்னு கத்தினேன் சார். பீரங்கிச் சத்தத்துல எவனுக்குக் கேட்டுது?"

பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறேன். எல்லோரும் பிழைத்து, பள்ளிக்கூடத்தை நடத்திய கிறிஸ்தவ மிஷனின் முகாமில் இருக்கிறார்களாம். பட்டணத்து மிஷன் ஆபீசில் இன்று மார்க்கைக் கொடுத்தால் அங்கே அனுப்பிவிடுவார்களாம்.

தாள்களை எட்டிப் பார்க்கிறேன். கடைசி மூன்று கேள்விகளுக்கும் எல்லோரும் ஒரே விடை எழுதியிருக்கிறார்கள். மூன்றும் தப்பு.

"ஃபெயில் போட வேண்டியதுதானே சார்?"

"போட்டா மறுபடியும் எழுதணும். உக்காந்து எழுத அங்க ஸ்கூல் இல்லை சார்," என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளில் மூன்று 'சரி' போடுகிறார்.